கணவர் பெயர் கேட்காத பணம்

ஷார்ஜா
7 ஏப்ரல் 2025

அன்பு ஹசீனாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். நீயும் பிள்ளை ஷிரினும் அண்ணன் வீட்டாரும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். பெருநாள் அன்றும் எனக்கு பில் கவுண்டரில் டியூட்டிதான். பிரியாணி பார்சல் வந்தது, நின்றுகொண்டே சாப்பிட்டேன்.

நான் கடிதம் எழுதி எட்டு வருடம் இருக்கும். எழுத்து கோணல்மாணலாக வருகிறது, பொறுத்துக்கொள். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நம் வீட்டுப் போன் ஹாலில் ஸ்பீக்கரில்தான் பேசும். நான் இருமினால்கூட ஆறு பேர் மருந்து சொல்வார்கள். இது அப்படிப் பேசுகிற விஷயம் இல்லை. என்னோடு வேலை செய்கிற நாகலூர் பென்னி லீவில் வருகிறான். உன் கையில் மட்டும்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

அண்ணன் போன வாரம் பேசினார். வெள்ளக்கடையில் கணவனை இழந்து தனியாக இருக்கிறாளே ரபியா, அவள் பெருநாளுக்கு மறுநாள் நம் கடைக்கு வந்திருக்கிறாள். டூரிஸ்ட் கூட்டம் நிற்கும்போதே, "உங்க ஊட்டு ஜகாத்துல கூரைக்கு ஷீட்டுப் போட்டுட்டனுங்க, நீங்க நொம்ப நல்லா இருப்பீங்க" என்று அழுதிருக்கிறாள். அண்ணன் முழித்திருக்கிறார். அவர் இந்த வருடம் அவளுக்குக் கொடுத்தது ஐந்நூறு ரூபாய். விசாரித்தால், ஹசீனா இருபத்தோராயிரம் கொடுத்தாள் என்கிறாள்.

வருடம் முழுக்க நம்மிடம் நின்ற பணத்தில் நாற்பதில் ஒரு பங்கை ஏழைகளுக்குக் கொடுப்பதுதான் ஜகாத். நாற்பதால் பெருக்கத் தெரியாத கடைக்காரன் எங்கே இருக்கிறான். எட்டு லட்சத்து நாற்பதாயிரம்.  பணம் எங்கே என்று அண்ணன் கேட்டதற்கு, பிட்காயின் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நீ மிளகு புடைக்கப் போய்விட்டாயாம்.

நான் நாள் முழுக்கக் கார்டு தட்டுகிற மிஷின் பக்கத்தில் நிற்கிறவன். எனக்கே அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. புது மிக்ஸியை ஆறு மாதம் பெட்டியை விட்டு எடுக்காதவள் நீ. சேர்வராயன் மலையிலேயே முதல் ஆளாக நீ எப்படி இதில் போய் விழுந்தாய்? உண்மையா, யாராவது உன்னை ஏமாற்றுகிறார்களா? உடனே எழுது. எனக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

சாதிக் பாஷா

*

ஏற்காடு
18 ஏப்ரல் 2025

ஷிரின் அத்தாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். பென்னி கடிதத்தைக் கொடுத்துவிட்டு, நீங்கள் இளைத்துப் போய்விட்டீர்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனார். பெருநாள் சோற்றை நின்றுகொண்டு சாப்பிட்டேன் என்று எழுதினால் எனக்கு எப்படி இருக்கும்? ஒரு நாற்காலி கேட்டு வாங்கக் கூடாதா? கேட்பது உங்கள் வீட்டுப் பழக்கத்திலேயே இல்லை, அதுவும் எனக்குத் தெரியும்.

ரபியா சொன்னது உண்மைதான். என்னை யாரும் ஏமாற்றவில்லை.

நம் மாடி அறையில் வாடகைக்கு இருந்தாளே சிவரஞ்சனி டீச்சர், பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தவள், அவள் இருந்தபோது ஆரம்பித்தது. 2019. மாரமங்கலம் கண்ணாயி அக்கா தோட்டத்து மிளகைக் கடனாக வாங்கி, டீச்சர் அறையில் வைத்துச் சுத்தம் செய்து, கால் கிலோ பாக்கெட்டாகப் போட்டேன். அவள் பள்ளிக்கூடத்து டீச்சர்களுக்கு விற்றுக்கொடுத்தாள். கல்யாணம் ஆன பிறகு என் கைக்கு என்று வந்த முதல் காசு அது.

அதை எங்கே வைப்பது? அரிசி டின்னுக்குள் வைத்தேன். உங்கள் அண்ணி அரிசி அள்ளும்போது கையில் பட்டது. "ஏன் கண்ணு, இதுக்குள்ள காசு கூட வெளையுதா" என்று சிரித்துக்கொண்டே கொண்டுபோய் கல்லாவில் போட்டாள். அவள் திருடவில்லை. யார் சம்பாதித்தாலும் ஒரே கல்லா என்பது நான் வாழ வந்த அன்றே சொன்னதுதான். பேங்கில் போட்டுப் பார்த்தேன். என் கணக்கில் இருக்கிற போன் நம்பர் கடை நம்பர். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது உங்கள் அண்ணன், "ஹசீனாவுக்கு ஐந்நூறு வந்திருக்குதே, யாரு சாமி போட்டது" என்று எல்லார் முன்னாலும் பாசமாகக் கேட்டார். அது மறுநாள் பால்காரருக்குப் போனது. தங்கம் வாங்கலாம் என்றால், என் அரைப் பவுன் தோடு கடைக்கு ஃப்ரிட்ஜ் வாங்க அடகுக்குப் போனது, அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

யாராவது கெட்டவர்களாக இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். எல்லாரும் நல்லவர்கள். என் காய்ச்சலுக்கு சேலத்துக்குக் கூட்டிப்போகிறவர்கள். ஆனால் ஷிரின் கேட்கிற கலர் பென்சிலுக்கு நான் கல்லாப் பக்கம் நின்று, உங்கள் அண்ணன் வாடிக்கையாளரை அனுப்பிவிட்டுத் திரும்பிப் பார்க்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். அந்த இரண்டு நிமிடம் நின்றே எனக்குப் பதினாறு வருடமாகக் கால் வலிக்கிறது.

இதையெல்லாம் டீச்சரிடம் சொன்னேன். அவள்தான் சொன்னாள். "இதுக்குப் பாஸ்புக் கெடையாதுங்க்கா. பன்னெண்டு வார்த்தைதான். அது யாருக்குத் தெரியுதோ அவங்க பணம்." ஃபாரம் எதுவும் எழுத வேண்டாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். கணவர் பெயர்? "அந்தக் கட்டமே இல்லீங்க்கா" என்றாள். நான் சிரித்தேன். மறுநாள் ஐந்நூறு ரூபாயைக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தேன். அவளுடைய பழைய போன் ஒன்றில் போட்டுக்கொடுத்தாள்.

ஏன் போய் விழுந்தாய் என்று கேட்டீர்களே, இவ்வளவுதான் காரணம். பெருகும் என்று வாங்கவில்லை. பெரிய ஆசையும் இல்லை, பெரிய அறிவும் இல்லை. ஒன்றரை வருடத்தில் ஐந்நூறும் ஆயிரமுமாக அறுபதாயிரம் போட்டேன். பிறகு டீச்சர் மாற்றலாகிப் போய்விட்டாள், நானும் அதில் போடுவதை நிறுத்திவிட்டேன், மிளகு விற்பதை மட்டும் விடவில்லை. எல்லாம் போயிருந்தாலும், என்னால் போனது என்று இருந்திருக்கும். அது கூட எனக்குப் புதுசு.

மாட்டிக்கொண்டது என் புத்தியால்தான். ஊரில் ஒரு பெண்ணிடம் இப்படிப் பணம் இருக்கிறது என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டேன். இது கூடுமா கூடாதா என்று ஆலிம்கள் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள், ஆனால் வருடம் நின்ற பணம் என்றால் ஜகாத் உண்டு, அதில் பேச்சே இல்லை என்றார். அதனால் வருடா வருடம் விலையைப் பார்த்து, நாற்பதில் ஒரு பங்கை, கண்ணாயி அக்கா விற்றுத் தந்த மிளகுக் காசிலிருந்து கொடுத்துவந்தேன். முன்பெல்லாம் ஐந்தாறு பேருக்குப் பிரித்துக் கொடுத்ததில் யாருக்கும் தெரியவில்லை. இந்த வருடம் ரபியா கூரையைப் பார்த்தேன். பிரித்துக் கொடுத்தால் அவளுக்கு நாலு ஷீட்டுதான் வரும். மொத்தத்தையும் கொடுத்துவிட்டேன். கொஞ்சம் குறைத்துக் கொடுத்திருந்தால் இந்தப் பேச்சே இல்லை. வீட்டில் எல்லார் கண்ணிலும் மறைத்தேன், அல்லாஹ்விடம் எப்படி மறைப்பது?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சோறு இறங்காமல் இருக்க நான் ஒரு குற்றமும் செய்யவில்லை.

ஹசீனா

*

ஷார்ஜா
4 மே 2025

அன்பு ஹசீனாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நம் வீட்டில் யார் கையிலும் படாமல் இருக்க இதைப் பென்னி வீட்டு விலாசத்துக்குப் போடுகிறேன். உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். குற்றம் இல்லை என்று எழுதிவிட்டாய். அண்ணன், அண்ணி, பேங்க், அரிசி டின் எல்லாவற்றையும் எழுதினாய். நான் எங்கே வருகிறேன்? ஆறு வருடம் என்னிடமிருந்துமா மறைக்க வேண்டும்? லீவில் வந்த இரண்டு தடவையும் நீ என் பக்கத்தில்தானே இருந்தாய்? யோசித்தால் கோபம் வருகிறது, பிறகு அதற்கும் தெம்பில்லாமல் தூங்கிவிடுகிறேன்.

அண்ணன் ஐந்து தடவை பேசிவிட்டார். திட்டவில்லை. ஏரிப் பக்கம் நம் கடையை ஒட்டி இருக்கிற கடை காலியாகிறதாம். அட்வான்ஸ் ஏழு லட்சம். இரண்டையும் சேர்த்துவிட்டால் சீசனில் தைலமும் காப்பித் தூளும் அடுக்க இடம் போதும், இரண்டு வருடத்தில் நான் ஊரோடு வந்துவிடலாம் என்கிறார். ஆள் அனுப்பி விசாரித்து அந்தப் பன்னிரண்டு வார்த்தை விஷயமும் தெரிந்து வைத்திருக்கிறார். "அவ நம்ம புள்ளதான சாமி, நீ சொன்னாக் குடுத்துருவா" என்றார்.

அவர் சாப்பிடக் கேட்கவில்லை ஹசீனா. அத்தா மௌத்தான பிறகு என்னைப் படிக்க வைத்தவர், எனக்கு விசா வாங்கிக் கொடுத்தவர். நானும் பதினொரு வருடமாக அந்தக் கல்லாவுக்குத்தான் இங்கே நிற்கிறேன். உன் பணமும் அதில் சேர்ந்தால் என்ன கெட்டுப்போகும்? வார்த்தைகளை ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுத்துவிடு. அவரிடம் கொடுக்க மனம் வரவில்லை என்றால் எனக்காவது எழுது. உன் புருஷன் என்ற உரிமையில் கேட்கிறேன். இதற்கு மேல் எனக்குக் கேட்கத் தெரியாது.

கால் வீக்கத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ஷிரின் பத்தாவது ரிசல்ட் எப்போது என்று எழுது.

சாதிக் பாஷா

*

ஏற்காடு
22 மே 2025

ஷிரின் அத்தாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். ஷிரின் நானூற்றுப் பதினேழு எடுத்திருக்கிறாள். கணக்கில் மட்டும் கொஞ்சம் குறைவு, உங்கள் ரத்தம்.

சீசன் கூட்டம் தாங்கவில்லை. சேலத்திலிருந்து வருகிற ஒவ்வொரு பஸ்ஸும் பிதுங்கிக்கொண்டு ஏறுகிறது. கடைக்கு இந்த வாரம் நாற்பது கிலோ மிளகு பாக்கெட் போட்டுக் கொடுத்தேன். வழக்கம்போல யாரும் ஒன்றும் கேட்கவில்லை, வழக்கம்போல நானும் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டில் யாரும் என்னைக் கடிந்து பேசுவதில்லை. ஆனால் முன்பு போலவும் இல்லை. நேற்று உங்கள் அண்ணி நான் கழுவி வைத்த டம்ளரை மறுபடி கழுவினாள். டம்ளர் அழுக்கா, நான் அழுக்கா என்று தெரியவில்லை.

வார்த்தைகளை எழுத மாட்டேன். அவருக்கும் எழுத மாட்டேன், உங்களுக்கும் எழுத மாட்டேன். உங்களிடம் எதற்கு மறைத்தாய் என்று கேட்டீர்கள். நேராகவே சொல்கிறேன். உங்களிடம் சொன்னால் அன்று சாயங்காலமே உங்கள் அண்ணனுக்குத் தெரிந்துவிடும். நீங்கள் கோள் சொல்லமாட்டீர்கள், ஆனால் அவர் கேட்டால் உங்களால் இல்லை என்று சொல்ல முடியாது. முதல் லீவில் வந்தபோது எனக்கென்று கொண்டுவந்த வாட்சை, அண்ணி நல்லா இருக்கே என்றதும் கழற்றிக் கொடுத்தது நீங்கள்தான். நான் சிரித்துக்கொண்டே இருந்தேன். அப்போதே புரிந்துவிட்டது.

நாகலூரில் கண்ணாயி அக்காவுக்கு இரண்டு அறை வீடு ஒன்று இருக்கிறது, பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கம். வாடகை நாலாயிரம். முன் அறையில் ஒரு சின்ன அரவை மிஷின் போட்டால் காப்பித் தூள், மிளகு விற்கலாம். நானும் ஷிரினும் அங்கே போகப்போகிறோம். இது ஒரு வருடமாக யோசித்து வைத்தது, ரபியா அழுததால் வந்த கோபம் இல்லை. நீங்கள் அடுத்த லீவில் எந்த வீட்டுக்கு வருவீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்.

இன்னொன்று. பதினொரு வருடமாக உங்கள் ஜகாத்தையும் சேர்த்து அண்ணன்தான் கொடுக்கிறார். ஒரே ஒரு தடவை உங்களுடையதை நீங்களே உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். குத்திக்காட்டவில்லை. சத்தியமாக உங்களுக்காகத்தான் சொல்கிறேன்.

ஹசீனா

*

ஷார்ஜா
14 ஜூன் 2025

அன்பு ஹசீனாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஷிரின் மார்க்கைக் கேட்டு ரூமில் எல்லாருக்கும் ஜூஸ் வாங்கிக் கொடுத்தேன். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இந்தத் தடவை ஒரு நாள் லீவு கிடைத்தது.

அந்த லீவில்தான் நீ சொன்னபடி உட்கார்ந்தேன். ஒரு தாளை எடுத்துக்கொண்டு, எனக்கென்று என்ன இருக்கிறது என்று எழுத ஆரம்பித்தேன். சம்பளம் வந்த மறுநாளே அண்ணன் கணக்குக்குப் போய்விடுகிறது. கடை அவர் பெயரில், வீடு அவர் பெயரில். என் பேரில் இருப்பது ஆயிரத்து நூற்று நாற்பது திர்ஹம், ஒரு போன், ஒரு போர்வை, நாலு பேண்ட். அதில் போனும் போர்வையும் துணியும் கணக்கில் வராது. மிச்சத்தைப் பார்த்தால் ஜகாத் கடமையாகிற அளவில் பாதிகூட வரவில்லை. இரண்டு தடவை கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

பதினொரு வருடம் சம்பாதித்த எனக்கு ஜகாத் கடமை இல்லை ஹசீனா. ரபியாவுக்கு எப்படி இல்லையோ அப்படி. நான் கொடுக்கிறவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மார்க்கச் சட்டப்படி பார்த்தால் வாங்குகிற வரிசையில் நிற்க வேண்டியவன். ரூமில் எல்லாரும் வெளியே போயிருந்தார்கள். நன்றாக அழுதேன், உன்னிடம் சொல்ல என்ன வெட்கம்.

அதன் பிறகுதான் உன் கடிதங்களை ஒழுங்காகப் படித்தேன் என்று சொல்ல வேண்டும். அது உன் பணம். நீ நாகலூர் போவது சரி. உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. இருந்த கோபத்தையெல்லாம் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அண்ணனிடம் இதைச் சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை போன் செய்தேன். எடுத்ததும், "என்ன சாமி, சாப்ட்டியா? கொரலே சரியில்லையே, ஒடம்புக்கு நல்லா இருக்குதா?" என்கிறார்.  நல்லா இருக்கேனுங்கண்ணா என்று சொல்லி வைத்துவிட்டேன். மூன்று தடவையும் அதேதான். மூன்றாவது தடவை, கடை அட்வான்ஸ் பற்றி ஹசீனா என்ன சொல்றா என்று அவரே கேட்டார். பேசிட்டு இருக்கேனுங்கண்ணா என்று சொன்னேன்.

நீயே அவரிடம் சொல்லிவிடு. நீ தைரியசாலி. நான் சம்மதித்தேன் என்று வேண்டுமானால் சொல். இல்லை, வேண்டாம், என் பெயரை இழுக்காமல் சொன்னால் நல்லது. வெயில் இங்கே மூளையை உருக்குகிறது. உனக்காகத் தினமும் துஆ செய்கிறேன்.

சாதிக் பாஷா

*

நாகலூர்
6 ஜூலை 2025

ஷிரின் அத்தாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். மேலே ஊர்ப் பெயரைப் பார்த்திருப்பீர்கள். வந்து ஐந்து நாள் ஆகிறது. முதல் நாளே மழை, மூன்று இடத்தில் ஒழுகியது, கண்ணாயி அக்கா ஓடு மாற்றிக் கொடுத்தாள்.

உங்கள் கடிதத்தைப் படித்து நானும் அழுதேன். ஆயிரத்து நூற்று நாற்பது என்று இருந்த இடத்தைப் பார்த்துப் பார்த்து அழுதேன். உங்களை அழ வைக்கவா கணக்குப் பார்க்கச் சொன்னேன் என்று இருந்தது. ஆனால் கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் அழுகை நின்றுவிட்டது.

நான் தைரியசாலி இல்லை. எனக்குச் சோர்வு. பயப்படுவதற்கும் ஒரு தெம்பு வேண்டும், அது என்னிடம் தீர்ந்துவிட்டது. அதனால் உங்கள் கடிதம் கிடைத்த மறுநாள் மத்தியானம் உங்கள் அண்ணன் கடையிலிருந்து வந்து கை கழுவும்போது, பணம் கொடுக்க மாட்டேன், நானும் ஷிரினும் நாகலூர் போகிறோம் என்று சொன்னேன். நாலு நிமிடம்கூட ஆகவில்லை. "நாங்க உனக்கு என்ன கொறை வெச்சோம் கண்ணு?" என்று கேட்டார். "கொறை ஒண்ணுமில்லீங்க. எனக்குன்னு ஒரு கதவு வேணுமுங்க, அவ்வளவுதானுங்க" என்றேன். அவர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "சாதிக்குக்குத் தெரியுமா?" என்றார். நீங்கள் சொன்னபடி உங்கள் பெயரை இழுக்கவில்லை. அவருக்குத் தெரியாதுங்க என்று சொல்லிவிட்டேன். உங்களுக்காக நான் சொல்கிற கடைசிப் பொய் அது.

கிளம்பும் அன்று அவரே பிக்கப் வண்டி பிடித்து, ஷிரினுடைய மேஜையையும் கட்டிலையும் ஏற்றிவிட்டார். டிரைவரிடம் எங்களிடம் வாடகை வாங்கக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறார். அண்ணி ஒரு டப்பா நெய் கொடுத்தாள். வண்டி திரும்புகிற வரைக்கும் இரண்டு பேரும் வாசலில் நின்றார்கள். எனக்குத்தான் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

பணத்தில் ஒரு பங்கை விற்றேன். வரி போக மீதியில் வீட்டு அட்வான்ஸும் அரவை மிஷினும் ஆயிற்று. மிச்சம் அப்படியே இருக்கிறது, இருக்கட்டும். விலை ஏறினாலும் இறங்கினாலும் நான் தினமும் பார்க்கிறவள் இல்லை. அந்தப் பன்னிரண்டு வார்த்தையையும் ஷிரினுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். உங்களுக்குச் சொல்லவில்லை. அதில் எனக்கு வருத்தம்தான், மறைக்கவில்லை.

எந்த வீட்டுக்கு வருவீர்கள் என்று கேட்டிருந்தேன். நாலு பக்கம் எழுதியிருந்தீர்கள், அதற்கு மட்டும் பதில் இல்லை. இனி நான் கேட்க மாட்டேன், அதனால் நானே சொல்லி முடிக்கிறேன். டிசம்பரில் லீவு கிடைக்கும் என்று பென்னி சொன்னார். நீங்கள் உங்கள் வாயால் அண்ணனிடம், நான் நாகலூர் போகிறேன், இனி என் சம்பளம் என் வீட்டுக்கு என்று சொல்லிவிட்டு வந்தால் இது உங்கள் வீடு. நானே பஸ் நிற்கிற இடத்துக்கு வந்து பெட்டியைத் தூக்குவேன். சொல்ல முடியாவிட்டாலும் வாருங்கள், கோபம் இல்லை. ஷிரின் இப்போது நன்றாக டீ போடுகிறாள். மகளோடு உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, இருட்டுவதற்குள் ஏற்காட்டுக்குப் போகிற பஸ்ஸைப் பிடித்துவிடுங்கள்.

ஹசீனா